குப்பைத் தொட்டியைக் காலி செய்த நாள்

1. வியாழக்கிழமை காலை

"தங்கச்சி, குப்பத்தொட்டி காலியா இருக்கு."

மணி பத்தரை இருக்கும். என் லேப்டாப் ரிப்பேர் கடை ஷட்டரை நான் இன்னும் முழுசாகத் தூக்கக்கூட இல்லை. சவரிமுத்து அண்ணன் லேப்டாப்பை மாரோடு அணைத்தபடி வாசலில் நிற்கிறார். மூன்று மாடி ஏறி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. எங்கள் காம்ப்ளெக்ஸில் எஸ்கலேட்டர் நின்று வருஷக்கணக்காகிறது.

"காலியாத்தானே அண்ணே இருக்கும்? சுத்தம் பண்ணத்தானே குடுத்தீங்க?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதுக்குள்ளதான்மா எல்லாத்தையும் வச்சிருந்தேன்."

எழுபது வயதைத் தாண்டிய மனிதர், கடலுக்கு அந்தப் பக்கமிருக்கிற பட்டர்வொர்த்திலிருந்து காலை ஃபெரி பிடித்து வந்திருக்கிறார். உட்காருங்கள் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"லேப்டாப் ஆன்ல இருக்கா?"

"ஆமா, தேடிக்கிட்டே வந்தேன்."

"ஆஃப் பண்ணுங்க. இப்பவே. பட்டனை அமுக்கிப் புடிங்க, எதையும் தொறக்காதீங்க!"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரக ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே போய்விடாது. அந்த இடம் காலி என்று கணக்கில் மட்டும் குறித்துக்கொள்ளும். அதன்மேல் வேறு எதையாவது எழுதினால்தான் உண்மையாகவே போகும். மெஷின் ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் அது எதையோ எழுதிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கத்துங்கள், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அண்ணன் கோபிக்கவில்லை. பட்டனை அமுக்கிப் பிடித்தார்.

2. திங்கட்கிழமை நான் செய்தது

மூன்று நாள் பின்னால் போகிறேன். என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் டெஸ்ட் லைனில் இருந்தேன். ஆள் குறைத்தபோது கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சூலியா தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இந்தச் சின்ன லாட்டை, அதாவது கடையை, வாடகைக்கு எடுத்தேன். அப்போது இந்த மாடியில் பதினாறு கடை. இந்தச் சம்பவம் நடந்தபோது மூன்று. மற்ற இரண்டும் மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும். வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "டெக்னீஷியன் இல்லையா அக்கா?" என்பார்கள். "நாந்தான்" என்பேன். சிலர் அப்படியே திரும்பிப் போவார்கள். போகட்டும்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டில் நான் மட்டும். காலையில் கடைக்கு வந்தால் யாராவது வரும்வரை வாயைத் திறக்க வேலை இருக்காது. முதல் வாடிக்கையாளரிடம் பேசும்போது தொண்டை கரகரக்கும். அதை மறைக்க ஒரு இருமல் இருமிக்கொள்வேன். தனியாக இருந்தேன், அது எனக்குப் பிடிக்கவுமில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இப்படிப்பட்டவளிடம் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? நான் எரிந்து விழுவேன். அதுதான் என் புத்தி.

திங்கட்கிழமை சவரிமுத்து அண்ணன் அந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவர். சர்ச் மடலுக்குத் தமிழ்ப் பக்கங்களை டைப் செய்து கொடுப்பவர்.

"ரொம்ப ஸ்லோலா தங்கச்சி. காலைல ஆன் பண்ணிட்டு குளிச்சு, பசியாறிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. சூசாவா, ரொம்பக் கஷ்டமா இருக்கு."

சரியாகப் பன்னிரண்டு நிமிஷம் எடுத்தது ஆன் ஆக. டெஸ்க்டாப்பில் ஐகான் வைக்க ஒரு இடம் பாக்கியில்லை. ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்களே எண்ணூறுக்கு மேல். மூன்று ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஃபேனைக் கழற்றினால் பஞ்சு மாதிரி தூசி. "ஃபார்மட் போட்டுடலாம் அண்ணே, புதுசு மாதிரி ஆயிடும்" என்றேன்.

"உன் இஷ்டம்மா. ஒண்ணும் பெருசா இல்ல அதுல."

பிறகு அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். ஃபெரி, சர்க்கரை நோய், மழை. நான் ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். போகிற நேரத்தில், "தங்கச்சி, ஒரு விஷயம், அந்த..." என்று இழுத்தார்.

"அண்ணே, எனக்கு பேக்கப் எடுக்கத் தெரியும்லா. இருபது வருஷமா மெஷினோட குப்பை கொட்டுறேன். நாளைக்கு வந்து எடுத்துக்குங்க."

அவர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பேக்கப் எடுத்தேன்தான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், நாலு ஃபோல்டரும் ஒழுங்காக எடுத்துவிட்டுத்தான் ஃபார்மட் போட்டு, மறுநாள் அவரிடம் கொடுத்தேன். அதற்கெல்லாம் முன்னால் ரீசைக்கிள் பின்னை, அண்ணன் சொல்கிற அந்தக் குப்பைத் தொட்டியை, காலி செய்தேன். மெஷின் கைக்கு வந்ததும் எல்லா டெக்னீஷியனும் செய்கிற முதல் வேலை அதுதான், யோசித்தெல்லாம் செய்வதில்லை. இத்தனை ஐட்டங்களை நிரந்தரமாக அழிக்கவா என்று மெஷின் கேட்டது. நானூற்றுச் சொச்சம். ஆமாம் என்று அமுக்கினேன்.

3. டேய் அந்தோணி

வியாழக்கிழமை அவருக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, தண்ணீர் கொடுத்த பிறகு கேட்டேன்: "ரீசைக்கிள் பின்ல யாராவது சாமான் வைப்பாங்களா அண்ணே?"

"எம் மவன் சிங்கப்பூர்லேர்ந்து வந்தா எல்லா ஃபோல்டரையும் தொறந்து பாப்பான். குப்பத்தொட்டிய எவன் கிண்டப் போறான்? அங்க இருந்தா பத்திரம்னு நெனச்சேன்." தண்ணீர் கிளாஸைக் கீழே வைத்தார். "அனுப்பவும் மனசு வரல. அழிக்கவும் மனசு வரல."

"எதை?"

"எல்லாம் லெட்டர்மா."

அதற்கு மேல் இழுத்து இழுத்துத்தான் வந்தது. கூடப்பிறந்தவர் ஒரே தம்பி, ஈப்போவில் இருக்கிறார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அம்மா இறந்தபோது, தாசேக் கெலுகோரில் அப்பா பக்கத்தில் புதைப்பதா, பட்டர்வொர்த்தில் புதைப்பதா என்று இருவருக்கும் வாய்த்தகராறு. இவர் எல்லார் முன்னாலும் தம்பியைப் பார்த்துக் கத்திவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அன்றிலிருந்து வாரம் ஒரு கடிதம் அடிப்பார். அடித்ததும் குப்பைத் தொட்டியில் இழுத்துப் போடுவார்.

"இப்ப அவன் மவன்கூட இருக்க ஆஸ்திரேலியா போறான். போனா வரமாட்டான். சனிக்கிழமை கடைசியா எல்லாரையும் பாக்க வர்றானாம். நேத்து அவன் மவ போன் பண்ணுச்சு. 'பெரியப்பா, ஒம்போது வருஷத்துல அண்ணன் ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் ஓடி வந்திருப்பேன்னு அப்பா சொல்றாரு'ன்னுச்சு." அவர் என்னைப் பார்த்தார். "நான் எழுதுனேன் தங்கச்சி. எல்லா வாரமும் எழுதுனேன். அதக் காட்டணும்லா அவன்கிட்ட?"

திங்கட்கிழமை அவர் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஒரு நிமிஷம் நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டிருந்தால் போதும். எனக்கு என்மேலேயே அப்படியொரு ஆத்திரம் வந்தது.

டிஸ்கைக் கழற்றினேன். கேடி என்கிற வெளிப்பெட்டியில் போட்டு, எதையும் எழுதாதபடி பூட்டி, என் மெஷினில் மாட்டினேன். நல்ல வேளை, அது எஸ்எஸ்டி என்கிற புது ரக டிஸ்க் இல்லை. அதில் அழிந்தது அநேகமாகத் திரும்பக் கிடைக்காது, கையை விரித்திருப்பேன். இன்னொரு நல்ல வேளை, அவர் நோட்பேடில் அடித்திருந்தார். வெறும் எழுத்து என்பதால் துண்டு கிடைத்தாலும் வாசிக்கலாம். ஆனால் புது சிஸ்டம் ஏற்கெனவே முப்பது ஜிபிக்கு மேல் எழுதியிருந்தது. எதன்மேல் எழுதியது என்று யாருக்குத் தெரியும்?

ஃபைல் பெயரெல்லாம் போய்விட்டது. உள்ளே இருக்கிற வார்த்தையைக் கொடுத்துத்தான் டிஸ்க் முழுக்கத் தேட வேண்டும்.

"லெட்டரை எப்படி ஆரம்பிப்பீங்க அண்ணே? எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும்."

காதோரம் சொறிந்துகொண்டார். "வேணாம்மா, நல்லா இருக்காது."

"சொன்னாத்தான் தேட முடியும்."

"'டேய் அந்தோணி'ன்னு."

தேடும் இடத்தில் "டேய் அந்தோணி" என்று அடித்து என்டரைத் தட்டினேன்.

4. வெள்ளிக்கிழமை

ஸ்கேன் தன்பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஐம்பத்தேழு முழுக் கடிதங்கள் கிடைத்திருந்தன. முப்பத்தொரு அரைக்கடிதங்கள். மற்றதெல்லாம் போனது போனதுதான்.

வாடிக்கையாளரின் ஃபைலை வாசிக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான சட்டம். ஆனால் எது முழுசு, எது உடைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சரிபார்க்க முடியாது. வாசித்தேன். காலை முழுக்க, அந்த மாடியில் என்னைத் தவிர ஆள் இல்லாத நேரத்தில், வாசித்தேன்.

"டேய் அந்தோணி, இன்னிக்கு ஃபெரில ஒருத்தன பாத்தேன். அப்படியே ஒன் காது. கிட்ட போயி நின்னேன். திரும்புனான், நீ இல்ல."

"டேய் அந்தோணி, எனக்குச் சக்கரை ஏறிருச்சு. ஒனக்கும் இருக்கும், நம்ம ரத்தம் அப்படி. மாத்திரை ஒழுங்கா போடுறியா?"

"டேய் அந்தோணி, எழுத ஒண்ணுமில்ல. மழை."

இதை வாசித்துவிட்டு நான் அழுதேன். யாராவது ஒருத்தர் எனக்கு, எழுத ஒன்றுமில்லை, மழை என்று எழுதமாட்டார்களா என்று இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, ஆனால் அதுதான் உண்மை.

மத்தியானம் அவர் வந்தார். அரைக்கடிதங்களை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எண்பத்தெட்டையும் பிரின்ட் போடச் சொன்னார். ஒன்றை மட்டும் நான் தனியாக எடுத்துக் காட்டினேன். அது இப்படி நின்றிருந்தது:

"டேய் அந்தோணி, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. அம்மாவ எங்க வச்சாலும் அம்மாதான். நான் ஏன் ஒன்ன அப்படி கத்துனேன்னா"

அதற்குப் பிறகு வெறும் கட்டம் கட்டமாகக் கிறுக்கல்கள்.

"இதோட மிச்சம் வேணும் தங்கச்சி. இதுதான் முக்கியம்."

மறுபடி தேடினேன். அந்த இடத்தின்மேல் பிரின்டரை ஓட்டுகிற ஏதோ ஒரு டிரைவர் ஃபைல் வந்து உட்கார்ந்திருந்தது. நான் போட்ட டிரைவர்தான்.

"இல்லண்ணே. அத நான் அழிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க. என்ன எழுதுனீங்கன்னு சொல்லுங்க, அடிச்சுச் சேத்துடலாம்."

அந்த வரியை மறுபடி மறுபடி வாசித்தார். "ஞாபகமில்லம்மா. நாலு வருஷத்துக்கு முந்தி எழுதுனது." தாள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, ரயிலிங்கைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனார். நான் செய்த வேலைக்கு என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

5. திங்கட்கிழமை

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவரே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தேன்.

"தம்பி வந்தாரா அண்ணே?"

"வந்தான். சோபாவுல அந்த ஓரத்துல உக்காந்தான், நான் இந்த ஓரத்துல. டீ ஆறிப்போச்சு. பைய அவன் கையில குடுத்தேன். ரெண்டு மூணு தாள பொரட்டுனான். அப்புறம் அந்த ஒண்ண எடுத்துட்டாம்மா, அந்த அரைலெட்டர. படிச்சிட்டு, 'கத்துனேன்னா?'ங்கறான். ஒம்போது வருஷத்துக்கப்புறம் எங்கிட்ட பேசுன மொத வார்த்தை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எழுதுனது ஞாபகமில்ல. வாய்ல வந்தத சொல்லிட்டேன். 'கடைசில அம்மா ஒன் பேரத்தான்டா கூப்புட்டாங்க. பக்கத்துலயே இருந்தேன், எம் பேர ஒரு தடவகூட கூப்புடல. அதான்டா கத்துனேன்'னேன்."

அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"தாள மடியில வச்சான். அப்புறம் சிரிச்சுட்டான் தங்கச்சி. 'நீதான் பக்கத்துலயே இருந்தியேண்ணே, ஒன்ன எதுக்குக் கூப்புடணும்?'னான்." அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை அழுத்திக்கொண்டார். "சாயந்திரம் வரைக்கும் இருந்தான். தாளையெல்லாம் பெட்டியில வச்சு எடுத்துட்டுப் போயிட்டான்."

டிஸ்கைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன். நாற்பது நொடியில் ஆன் ஆனது. "ஒன் மெஷின்ல காப்பி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "அழிச்சிரும்மா. இனிமே அது அவனோடது."

அவர் போனபின் அழித்தேன். எண்பத்தெட்டு ஐட்டங்களை நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. இந்தத் தடவை ஆமாம் என்று அமுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

சின்னவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாலு ஃபோல்டரோடு நிறுத்தாதீர்கள், ரீசைக்கிள் பின்னையும் திறந்து காட்டிக் கேளுங்கள். ஒன்றும் பெரிதாக இல்லை என்று ஒருவர் சொன்னால், கையில் இருக்கிற ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அவர் பேச வாயெடுத்தால் பேசவிடுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொள்ள முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் செலவாகின.

சவரிமுத்து அண்ணன் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. அவருக்காக நான் ஸ்டூலை வெளியிலேயே கொஞ்ச நாள் போட்டு வைத்திருந்தேன். லேப்டாப் நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது.