திரையில் தெரிந்த விரல்

கொரோனா வந்து விமானங்கள் நின்றுபோனபோது நான் எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்தாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்து நாலாம் நாள், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை வாங்கச் சொன்னேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவேன். கருவி மாட்டிய விரலைக் கேமராவுக்கு முன்னால் நீட்டுவாள். தொண்ணூற்றாறு. மறுநாள் தொண்ணூற்றைந்து. எண்ணைப் பார்த்த பிறகும் போனை வைக்க மனம் வராது.

ஆறாம் நாள் தொண்ணூற்றெட்டு காட்டியது. சந்தோஷமாக ஏதோ சொல்ல வந்தவன் நிறுத்திவிட்டேன். அவளுடைய ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் மெஷின் ஊசி ஏறிய தழும்பு உண்டு. இந்த விரலில் அது இல்லை.

"இது யார் வெரலு?"

கேமரா மெல்லத் திரும்பியது. துணைக்கு வந்திருந்த அவள் தங்கை, முகக்கவசத்தோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்காதான் மாமா இப்படிக் காட்டச் சொல்லிச்சு. அங்க தனியா இருக்கீங்க, பேஜாராயிடுவீங்கன்னு."

"உன் வெரல்ல போடு," என்றேன் மனைவியிடம்.

தொண்ணூற்று ஒன்று. ரூமுக்குள்ளேயே கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். எண்பத்தேழு.

"எனக்கு மூச்சே வாங்கலியே, இன்னாங்க இது?" என்றாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை.

தங்கை உடனே கார் பிடித்தாள். 'பள்ளிகொண்டா தாண்டிட்டோம்' என்று செய்தி வந்தது. அப்புறம் வேலூர் ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படம் வந்தது. டாக்டரே போனில் சொன்னார்: "ரெண்டு நுரையீரல்லயும் கீழ்ப்பக்கம் வெள்ளையா படர்ந்திருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம். ஆக்சிஜன் வெச்சிருக்கோம், பார்க்கலாம்."

ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. ஒன்பது நாள் அந்த எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் விலா எலும்புகளை அப்போதுதான் பார்க்கிறேன். வெள்ளைத் திட்டுகளைப் பார்க்கப் பயமாக இருக்கும். நடுவில் சாய்ந்திருக்கும் இதயத்தின் நிழலை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்வேன்.

பத்தாம் நாள் மாஸ்க்கை எடுத்துவிட்டுப் பேசினாள். "சாப்டீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

அவள் வீடு திரும்பி நான்கு மாதம் கழித்துத்தான் என்னால் ஊருக்குப் போக முடிந்தது. துணி காயப்போட மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றாள். "நீங்க போங்க, வர்றேன்." நான் போகவில்லை. மூச்சு சீராகும்வரை பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன்.

விடுப்பு முடிந்து இங்கே திரும்பி வந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சில சாயங்காலங்களில், நான் கூப்பிடும்போது மாடி ஏறிக்கொண்டே பேசுவாள். என்ன சொல்கிறாள் என்பதை விட்டுவிட்டு அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பேன்.