இல்லாத செங்கமாரிக்கு ஒரு கசாயம்

போன வாரம் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். உப்பு லொறியிலிருந்து இறங்கி வந்தான் என் சிநேகிதன் நஸீர். (பெயரை மாற்றியது நான். எழுதச் சொன்னது அவன்.) கண் இரண்டும் மஞ்சள்!

"என்னடா மச்சான் இது?"

"செங்கமாரி. ராத்தா கீழாநெல்லி அரைச்சுத் தாறா. ரெண்டு மாசமாக் குடிக்கிறன்."

"அப்ப... உன்ட குளிசை?"

லொறி டயரைப் பார்த்தான்.

நஸீருக்கு எச்.ஐ.வி. ஆறு வருடமாகத் தினமும் ஒரு குளிசை, ஆள் கல்லுப்போல. கிளினிக்கை விட்டால் விஷயம் தெரிந்தது எனக்கு மட்டும். மாம்புரியில் அவனோடு இருக்கும் அக்காவுக்கு — ராத்தாவுக்கு — அது வைட்டமின்.

நடந்தது இதுதான். ஒருநாள் அலுப்பு, சாப்பாடு பிடிக்கவில்லை என்று படுத்திருக்கிறான். கண் அப்போது வெள்ளைதான். ஆனால் ராத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார் — செங்கமாரி! எங்கள் பக்கத்தில் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, என்றால் கசாயம், பத்தியம்... இங்கிலிஸ் மருந்து கூடவே கூடாது. ஈரல் காயுமாம். குளிசைப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வைட்டமினுக்காக எவன் சண்டை பிடிப்பான்? குளிசையை விட்டுவிட்டான்.

அவனை அப்படியே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் பழைய கார்டைப் புரட்டினார். "உங்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி-யும் இருக்கெண்டு முதல்லயே சொன்னமே. இந்தக் குளிசைதான் ரெண்டு வைரஸையும் அமுக்கி வச்சிருந்தது. நீங்க விட்டதும் ஈரல்ல இருந்தது எழும்பிட்டுது. இன்னும் விட்டா உயிருக்கே ஆபத்து. நாளைக்கு வந்து வோர்ட்டில படுங்க."

சொன்னார்கள்தான். எச்.ஐ.வி. என்று கேட்ட நாளில், அடுத்த பெயரைக் கேட்க யாருக்குக் காது இருக்கும்?

இல்லாத செங்கமாரிக்கு மருந்து குடித்து, நிஜச் செங்கமாரியை வரவழைத்திருக்கிறான்!

அவன் கையில் புதுக் குளிசைப் போத்தல், கூட நான். வீட்டில் அதே அலுமாரி, அதே ராத்தா... வாசலிலேயே கோப்பையோடு நின்றார்.

"எங்கடா போன? கசாயம் ஆறுது."

"ராத்தா... இது வைட்டமின் இல்ல. எனக்கு எச்.ஐ.வி. ஈரல்லயும் ஒரு கிருமி. ரெண்டையும் இந்தக் குளிசைதான் புடிச்சு வச்சிருந்தது."

நான் கேற்றைப் பார்த்தேன். ஓடிவிடலாமா?

ராத்தா கசாயத்தை முற்றத்து மணலில் ஊற்றினார். கோப்பையைக் கழுவினார். தண்ணீர் வார்த்து நீட்டினார்.

"எத்தினை மணிக்குப் போடணும்?"

"காலம்பற எட்டுக்கு. இண்டைக்கு மட்டும் இப்பவே."

"ஆறு வருசமாத் தனியவாடா போட்ட, மடையா?"

நஸீர் இப்போது வோர்ட்டில். கண் இன்னும் வெளுக்கவில்லை. என் ஃபோன் அடித்தாலே பதறி எடுக்கிறேன்.

அவன் ஃபோனோ தினமும் காலை ஏழே முக்காலுக்கே அடிக்கிறதாம் — ராத்தா!