மலைப்பேச்சில் நான் எடுத்த பேட்டி

கொல்லிமலைக்கு நான் மாற்றலாகி வந்தபோது என் பதவியின் பெயர் அறைக் கதவின் அகலத்தைவிட நீளமாக இருந்தது. மேற்பார்வை நூலகர், மின்னாக்கத் திட்டங்கள். பலகை எழுதியவர் இடம் போதாமல் 'திட்டங்கள்' என்பதைக் கீழே பொடி எழுத்தில் எழுதி வைத்தார். பயிர் ஆராய்ச்சிக்கான அரசு நூலகம் அது. பழைய அறிக்கைகளையும் படங்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு இரண்டு நூலகர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏற்றுகிறார்களா என்று பார்ப்பதற்கு நான்.

ஒருவர் தருமபுரிக்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதையும் சுருக்கித்தான் சொல்வார். இன்னொருவர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவருக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, இருமல் வந்ததுபோல் காட்டுவார். நான் சேர்ந்த புதிதில் அவருக்கு ஏதோ நெஞ்சுச்சளி என்று நினைத்து, டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து புதுத் திட்டம் வந்தது. மலை விவசாயிகளின் பேச்சைப் பதிவு செய்து ஒலிக்காப்பகம் ஒன்று அமைக்க வேண்டும். இரண்டு பேரும் அதற்கென்று பயிற்சிக்குப் போய்வந்தார்கள். நான் போகவில்லை. ஆனாலும் முதல் பேட்டியை நானே எடுப்பதாகச் சொல்லிவிட்டேன். ஒரு முன்மாதிரி வேண்டுமல்லவா?

என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. மலை ஜனங்கள் கூச்சமில்லாமல் பேச வேண்டுமானால் நாமும் அவர்களைப்போலவே பேச வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம் பக்கம். அதனால் என்ன? ஒவ்வொரு திங்கட்கிழமையும் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி மேலே வரும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதை உன்னிப்பாகக் கேட்டு வந்திருக்கிறேன். 'ங்க' சேர்த்தால் மரியாதை. எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு மரியாதை. இதுதான் நான் கண்டுபிடித்த இலக்கணம்.

மலையில் ஊர்த்தொகுதியை 'நாடு' என்பார்கள். பெரக்கரை நாட்டில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனோம். நாற்பது வயது தாண்டிய பெண்மணி. சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தார். "ஊட்டுக்குள்ள வாங்க" என்று பாய் விரித்தார். தருமபுரிக்காரர் கருவியைப் பொருத்திவிட்டுத் தலையசைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஏனுங்க, நல்லங்க மழைங்க பெஞ்சாத்தானுங்க சாமைங்க வெதைப்பீங்க?"

அந்தப் பெண்மணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாங்க. மழை புடிச்சதும்..." என்று ஆரம்பித்தார்.

"மழைங்க புடிச்சதும்ங்க!" என்று நான் பிடித்துக்கொண்டேன். அறிக்கைகளில் படித்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. விதை அளவு, களையெடுப்பு, பயிர்த்தட்டின் உயரம், சாமைச் சோற்றின் சத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, சரிதானா என்று அவரிடம் கேட்டேன். அவரும் "ஆமாங்க" என்றார். ஒரு இடத்தில் மட்டும் "இருக்கும்ங்க" என்றார். நடுவில் எழுந்துபோய் எல்லோருக்கும் காப்பி வைத்துக்கொண்டு வந்தார். நான் நிறுத்தவில்லை.

திரும்பும் வழியெல்லாம் நாகர்கோவில்காரர் இருமிக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டேன். "தூசி மேடம்" என்றார். ஜீப்பில் வைத்தே இருவருக்கும் பாடம் எடுத்தேன். "பேட்டின்னா இதுதான். எதிரில் இருப்பவரின் பாஷையில் இறங்கணும்."

"சரிங்க மேடம்" என்றார் தருமபுரிக்காரர். பதிவை இணையத்தில் ஏற்றுவதற்குமுன் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னார். அங்கே இருந்தவளே நான்தான், எதற்குக் கேட்க வேண்டும் என்றேன். 'மலைப் பெண் விவசாயி, சாமை சாகுபடி' என்று தலைப்புப் போட்டு ஏற்றச் சொன்னேன்.

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். வட்டார வழக்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். என் எதிரே உட்கார்ந்ததுமே, "மேடம், உங்க காப்பகத்தில் ஒரு அம்மா பேசியிருக்காங்க. அவங்களை நான் எப்படியாவது பார்க்கணும்" என்று சொல்லி, போனில் அந்தப் பதிவை ஓட்டினாள்.

"நல்லங்க மழைங்க பெஞ்சாத்தானுங்க..."

"இந்தக் குரல்தான்" என்றாள். "என்ன ஒரு அனுபவம்! நடுவில் ஒரு மேடம் சும்மா ஆமாங்க, ஆமாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அவங்களை விடுங்க."

அலமாரிக்குப் பின்னால் பலமாக இருமல் கேட்டது.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் 'என்ன ஒரு அனுபவம்' என்ற சொல் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. "கொஞ்ச தூரம் போகணும்" என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் ஜீப்பில் ஏறினோம்.

வழியில் அவள் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தாள். "கொங்குப் பக்கம் 'ங்க' சகஜம் மேடம். ஆனா இந்த அம்மா 'நல்ல'ங்கிற சொல்லுக்கும் 'ங்க' போடறாங்க பாருங்க, 'நல்லங்க மழை'ன்னு. இது நான் வேற எங்கேயும் கேட்டதில்லை. ஒரு கட்டுரையே எழுதலாம்." நான் ஜன்னல் வழியாகச் சில்வர் ஓக் மரங்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்மணி வாசலில் நின்று வரவேற்றார். அவர் நாலு வார்த்தை பேசியதும் மாணவியின் முகம் குழம்பியது. "இவங்க குரல் இல்லையே மேடம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு போனை எடுத்து அவருக்கே ஓட்டிக் காட்டினாள்.

அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது இந்த ஆபீசம்மா கொரலாச்சே கண்ணு. அன்னைக்கு அவங்கதான் பேசுனாங்க. நான் காப்பி வெச்சுக் குடுத்தேன்." என்னிடம் திரும்பினார். "ஏனுங்கம்மா, அன்னைக்கே கேக்கோணும்னு இருந்தேன். நீங்க எந்த ஊருங்க?"

"நாகப்பட்டினம் பக்கம்."

"அதானே பார்த்தேன். கடக்கரைச் சீமையில இப்படித்தான் பேசுவாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். குரலில் கேலி துளியும் இல்லை, என் ஊரின்மேல் இரக்கம்தான் இருந்தது.

மாணவி ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள். "அப்ப அந்த 'நல்லங்க'?" என்று கேட்டாள்.

"அது என் சொந்தச் சரக்கும்மா" என்றேன்.

இந்தமுறை நாகர்கோவில்காரர் இருமவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் எப்படியோ நானும் சிரித்தேன்.

மறுபடி பதிவு செய்யலாம் என்று முடிவானது. நான் பாயில் உட்காரப் போனேன். அப்போது தருமபுரிக்காரர், நான் அறிந்தவரை அவர் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "மேடம், வாசலூர்பட்டில போட்டிங் இருக்குதுங்க. இன்னும் பார்த்திருக்க மாட்டீங்க. டிரைவர் கூட்டிட்டுப் போவாரு. நாங்க முடிச்சுட்டு போன் பண்றமுங்க."

மேற்பார்வையாளரை இப்படி அனுப்பிவைக்க எந்த விதியிலும் இடமில்லை. போய்விட்டேன்.

ஏரியில் மிதிபடகு ஓட்டலாம் என்றார்கள், ஆனால் தனியாக விட மாட்டார்களாம். படகுத்துறை ஊழியர் ஒருவரே கூட வந்து மிதித்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மேற்பார்வை என்றேன்.

"வேலை எங்க நடக்குதுங்க?"

"பெரக்கரை நாட்டுல."

"அப்ப நீங்க அங்க இருக்க வேண்டாமுங்களா?"

"நான் இல்லைன்னாத்தான் நல்லா நடக்கும்" என்றேன். நியாயம்தான் என்பதுபோல் அவர் தலையாட்டிவிட்டுப் படகைத் திருப்பினார்.

மறுநாள் அலுவலகத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு புதிய பதிவை முழுவதும் கேட்டேன். சாமையைப் பற்றி எடுத்த எடுப்பில் கொஞ்சம்தான் வந்தது. மரவள்ளியைத் தோண்டிப்போடும் காட்டுப்பன்றிகளைப் பற்றியும், வரப்பு மரத்துக்காகக் கொழுந்தனோடு வந்த சண்டையைப் பற்றியும் நிறைய இருந்தது. நாகர்கோவில்காரர் எப்போதாவது "அப்புறம்?" என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஒரு இடத்தில் பேச்சு நின்றுபோனது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. நானாக இருந்திருந்தால் அங்கே சாமைச் சோற்றின் சத்தைப் பற்றி ஆரம்பித்திருப்பேன். நூலகர்கள் இருவரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பெண்மணியே மெதுவாகச் சொல்கிறார். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவர் கையால் விதைத்த சாமை முளைக்காமல் போனது. கை சரியில்லை என்று மாமியார் சொல்லிவிட்டார். மறுவருஷம் அவரை விதைக்க விடவில்லை. ஆனால் விடிவதற்குமுன் போய், சாமைக்காட்டின் மேல்மூலையில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் அவரே விதைத்துவிட்டு வந்தார். "அந்தத் துண்டுதானுங்க நல்லா வெளைஞ்சுது. இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொல்லலீங்க" என்று முடிக்கிறார்.

அந்த இடத்தை நான் மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டேன். முதல்முறை போனபோதே இது அவரிடம் இருந்திருக்கும். நான்தான் பேசிப் பேசியே அவரைக் காப்பி வைக்க அனுப்பிவிட்டேன்.

மாணவி புதிய பதிவின் பிரதியோடு ஊருக்குப் போனாள். பழைய பதிவை நீக்க முடியாது, காப்பகத்தில் ஏற்றியதை அழிக்கக் கூடாது என்பது தலைமை அலுவலக விதி. விவரத்தைத் திருத்தலாம். தருமபுரிக்காரர் திருத்தி எடுத்து வந்தார்: 'பேசுபவர்: மேற்பார்வை நூலகர். உடனிருப்பவர்: மலைப் பெண் விவசாயி.' சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுத்தேன்.

இப்போதும் பதிவுகளுக்குக் கூடப் போகிறேன். மைக் கம்பியைச் சுருட்டுவேன், சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். ஆபீசம்மா ஏன் வாயே திறக்க மாட்டேன் என்கிறார் என்று யாராவது கேட்டால், நாகர்கோவில்காரர் முகம் மாறாமல், "அவங்களுக்குத் தொண்டை சரியில்லைங்க" என்கிறார். கேட்டவர் உடனே உள்ளே போய்ச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுவருகிறார். மறுக்க வேண்டுமென்றால் பேசியாக வேண்டும். பேசாமல் வாங்கிக் குடித்துவிடுகிறேன்.