ஞானமுத்துவின் சொற்றொடர் நோட்டு

காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கல்லூரிச் சேவகர் வாசலில் வந்து நின்றார். "ஞானமுத்து சார் போயிட்டாகய்யா. திருப்பரங்குன்றத்து வீட்டுல" என்றார். மத்தியானத்துக்குள் வெள்ளைக்காரப் பிரின்சிபால் துரையின் உத்தரவும் வந்துவிட்டது: இரங்கல் தீர்மானத்தை ஆங்கிலத்தில் நான் எழுத வேண்டும். பாழாய்ப்போன அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம்.

ஞானமுத்துவோடு கல்லூரியில் வேலை பார்த்த உங்களுக்கு அவரைச் சரித்திர ஆசிரியராகத் தெரியும். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களைப் பற்றி அவர் பட்டத்துக்காக ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியது சிலருக்கே தெரியும். ஆறு வருஷம் சைக்கிளில் கரை கரையாக அலைந்தார். கண்டதைத் தமக்கு வந்த ஆங்கிலத்தில் எழுதினார். விஷயம் புரிகிறது, ஆனால் ஆங்கிலேயர் எவரும் இப்படி எழுதமாட்டார் என்று சீமைப் பரீட்சகர் திருப்பி அனுப்பினார்.

அப்போது யோசனை சொன்ன புத்திசாலி நான்தான். வெள்ளைக்காரர் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் தயார்த் தொடர்களை எடுத்துப் போடச் சொன்னேன். லைப்ரரியில் உட்கார்ந்து இருவருமாக ஒரு நோட்டு நிறைய எழுதினோம். தமிழில் சொன்னால், 'மேற்கூறியவற்றிலிருந்து அறியக்கிடப்பது', 'ஈண்டுக் கவனிக்கத்தக்கது' என்கிற ரகம். "என்ன மாப்ள, கண்மாயைப் பத்தி ஒண்ணுமே சொல்லல, அதுக்குள்ள அரைப்பக்கம் ரொம்பிருச்சே" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அந்தத் தொடர்களைப் போட்டுத் திருத்தி அனுப்பிய கட்டுரையும் திரும்பி வந்தது. தொடர்கள் பிறர் புத்தகத்திலிருந்து எடுத்தவை, சொந்த நடை இல்லை என்றார் அதே பரீட்சகர். அந்த வாரம் துரையின் சொற்பொழிவு ஒன்று அச்சாகியிருந்தது. ஞானமுத்து அதில் பென்சிலால் கோடிட்டு என் மேஜையில் வைத்தார். ஒரே பக்கத்தில் எங்கள் நோட்டிலிருந்த ஏழு தொடர்கள்.

"அவர் எழுதினா நடை மாப்ள. நான் எழுதினா இரவல்."

பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. கண்மாய்ப் பக்கம் போகவும் இல்லை. உங்கள் எழுத்து அப்படியே இருக்கட்டும் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே.

தீர்மானம் எழுத உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. எழுதிய ஒவ்வொரு தொடரும் அந்த நோட்டில் இருந்தது. இரங்கல் கூட்டத்தில் வாசித்து முடித்ததும் துரை எழுந்து வந்து கைகொடுத்து, நல்ல ஆங்கிலம் என்றார்.

ஞானமுத்து முதலில் எழுதியதில் ஒரே ஒரு தாள் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அவனியாபுரத்துக் கண்மாய் நிரம்பும் அன்று ஊரில் ஒருவரும் அடுப்பு மூட்டுவதில்லை, உடைப்பெடுக்குமோ என்று எல்லாரும் கரையில் நிற்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே பரீட்சகரின் சிவப்புக் கோடு. கூட்டத்துக்கு அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எடுத்து வாசிக்கவில்லை.