படமில்லாத பாட்டு

நான் கட்டிய முதல் பாட்டைக் கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. "உது எந்தப் படமடி?" என்று கேட்டார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. குருநகரில் கடற்கரையோடு ஒட்டிய வீடு. காயப்போட்டிருந்த நெத்தலியைக் காகம் திருடுவதைப் பற்றி நாலு வரி கட்டி, தேவாலயப் பாடகர் குழுவில் பழகிய தொண்டையைத் திறந்து பாடினேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார்.

"படமில்லை மாமி. என்ரை பாட்டு."

"புழுகாதை. பாட்டெண்டால் படம் இருக்கும்."

அவரைக் குறை சொல்லி என்ன? எங்கள் சனத்துக்குப் பாட்டு இரண்டு வகைதான். ஒன்று கோயில் பாட்டு, மற்றது படப் பாட்டு. எனக்கு வந்து வாய்த்ததோ மூன்றாவது வகை. எனக்குக் கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கும். மாமியோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் சுட்ட மீன் தந்ததால் கதைத்தேன்.

சில வருடம் கழித்து, கரையில் ஷெல் விழத் தொடங்கியபின் நாங்கள் மானிப்பாய்ப் பக்கம் வந்து ஒரு வீட்டின் பின்பக்கத்தில் குடியிருந்தோம். கடலுக்குப் போக வழியில்லாமல் அப்பா சந்தையில் மரக்கறி விற்றார். மீனைத் தவிர வேறொன்றும் விற்றறியாத மனிதர், கத்தரிக்காயைக்கூடச் செவுள் பார்ப்பதுபோல் பிரட்டிப் பார்ப்பார். அண்ணை ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தான். நான் சந்தியிலிருந்த தையல் கடையில் பொத்தான் கட்டினேன், பாவாடைக்கு ஓரம் அடித்தேன், வாய்க்குள் பாட்டுக் கட்டினேன். தேவாலயத்தில் யாரோ கைவிட்ட ஒரு கிற்றார் என்னிடம் இருந்தது. அறுந்த கம்பிக்குப் பதிலாகச் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து அதில் ஓர் இழையைப் பூட்டித் தந்தவன் அண்ணை. சத்தம் கொஞ்சம் கரகரத்தது. அதற்கென்ன, என் குரலும் கரகரத்த தடிக்குரல்தான்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது என்னை ஊரறியச் செய்த பாட்டின் பிறந்த கதை. ஒருநாள் அம்மாவைச் சைக்கிளின் பின்னால் ஏற்றி, முன்னால் பாரில் அரிசி மூட்டையை வைத்து, மேடும் பள்ளமுமான ஒழுங்கையில் பெடலை உழக்கிக்கொண்டு வந்தேன். அம்மா இலேசான ஆளில்லை. வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார்.

"ஆறுதலாப் போடி! ஆறுதலாப் போ! அரிசி கொட்டினால் மண்ணையே தின்னுறது?"

எங்கள் ஊரில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல். அம்மாவின் கத்தலும் செயின் கவரின் கடகடப்பும் ஒன்றோடொன்று தாளம் போட்டன. வீடு வந்து சேரும்போது பாட்டும் வந்து சேர்ந்திருந்தது.

*ஆறுதலாப் போ சைக்கிளே ஆறுதலாப் போ*
*அம்மா பின்னாலை அரிசி முன்னாலை*
*செயின் கழண்டால் ஆர் பொறுப்பு, தெருவிலை*
*சிரிச்சுக்கொண்டு நிக்கிற நீயோ பொறுப்பு?*

அம்மா கேட்டுவிட்டு, "உது நான் பேசின பேச்செல்லே. பேர் மட்டும் உனக்கோடி?" என்றார். நியாயம்தான்.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் கலியாண வீடுகளுக்குப் பாட்டுக் கச்சேரி செய்யும் ஒரு கோஷ்டி இருந்தது. அதன் தலைவரை எல்லோரும் மாஸ்ரர் என்பார்கள். ஆர்மோனியம் வாசிப்பார், அறிவிப்பும் அவரே. பெண் குரலுக்கு ஆள் இல்லாமல் மீசை வைத்த ஒருவர்தான் கள்ளக்குரலில் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மேடையில் ஏறவேண்டும், அதுவும் என் பாட்டோடு ஏறவேண்டும். வேறு ஆசை ஒன்றும் அந்த வயதில் எனக்கு இருக்கவில்லை. புதுச்சேலை ஆசைகூட இல்லை, நம்புங்கள்.

கிற்றாரையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு வாசல் படலையில் போய் நின்றேன்.

"சொந்தப் பாட்டே?" மாஸ்ரர் பாடச் சொல்லவே இல்லை. "பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதை. தெரிஞ்ச பாட்டெண்டால் சனம் இருந்து கேக்கும். தெரியாத பாட்டைத் தொடங்கினால் எழும்பிக் கை கழுவப் போயிடும். படப்பாட்டு நாலு பாடமாக்கிக்கொண்டு வா, உன்னைச் சேர்க்கிறன்."

"என்ரை பாட்டும் பாட விடுவீங்களே?"

"அது சரிவராது."

"அப்ப நானும் சரிவர மாட்டன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சேர்ந்திருக்கலாமே என்று அம்மா பேசினார். ஆனால் அந்தக் கை கழுவும் கதை எனக்குள் முள்ளாகத் தைத்து நின்றது.

கசெற்றில் பதிந்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவோம் என்று அண்ணைதான் யோசனை சொன்னான். மின்சாரம் இல்லை, பற்றறியைக் கண்ணால் காணக் கிடைக்காது. அதற்கு ஊரெல்லாம் செய்த வேலையைத்தான் நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை முட்டவிட்டு, வயரை ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, அண்ணை சீற்றில் ஏறி உழக்கத் தொடங்கினான். புதுக் கசெற் வாங்க வசதியில்லை. ஒரு பழைய படப்பாட்டுக் கசெற்றின் கடைசியில் கொஞ்ச இடம் இருந்தது. அதில் பாடினேன்.

பனங்கிழங்குக் காலம் அது. அம்மா அவித்துச் சுளகில் வைத்திருந்தார். கிழங்கைக் கண்டால் என் அண்ணைக்கு அண்ணன் தம்பி தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாட, அவன் இரண்டு கையாலும் தும்பு உரித்து உரித்துத் தின்றபடி உழக்கினான். முடிந்ததும் போட்டுக் கேட்டோம். அப்போதும் தின்றுகொண்டேதான் உழக்கினான். அச்சு அசலாக என் குரல்! நான் அவனைக் கட்டிப் பிடித்தேன். அவன் கையெல்லாம் கிழங்கு.

அந்தக் கசெற் மாஸ்ரரிடம் போய்ச் சேரவில்லை. அண்ணையின் கடைக்கு வந்த ஒரு கூட்டாளி, படப்பாட்டுக் கேட்கத் தா என்று வாங்கிக்கொண்டு புத்தூருக்குப் போனான். அங்கிருந்து அது பிரதி எடுபட்டு நெல்லியடிக்குப் போனது. நான் அண்ணையைப் பேசாத பேச்சில்லை.

மூன்று மாதம் இருக்கும். தையல் கடை அக்கா ஒரு கார் பற்றறியை எங்கிருந்தோ பிடித்துவந்து, கடைக்குள் பாட்டுப் போட்டார். ஐந்தாறு படப்பாட்டு முடிந்தது. பிறகு, 'ஆறுதலாப் போ சைக்கிளே...' என்று ஒரு பாட்டு வந்தது. கையில் ஊசியைக் குத்திக்கொண்டேன். மாதாவே, என் பாட்டு! ஆனால் பாடுவது நானில்லை. யாரோ ஒருத்தி, கீச்சென்ற குரலில், குருவிபோலத் துள்ளித் துள்ளி, என் பாட்டைக் கெதியாக, ஓட்டமும் வேகமுமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"இதை ஆர் அக்கா பாடுறது?"

"ஆரோ இந்தியாவிலை புதுப்பிள்ளை. படம் இன்னும் இஞ்சை வரேல்லை."

"படமோ?"

அக்கா தைப்பதை நிறுத்திவிட்டுப் படத்தின் முழுக் கதையையும் சொன்னார். கதாநாயகி ஏழையாம். தாயை ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறாளாம். தெருவில் நின்று சிரிக்கிறவன்தான் கதாநாயகனாம். கடைசியில் அவன் கார்க்காரனின் மகனாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அக்கா, அது என்ரை பாட்டு. அம்மா என்னைப் பேசினதுதான் பாட்டு. இந்தியாக்காரர் ஆறுதலாப் போ எண்டு கதைப்பினமே?"

"எங்கடை ஆக்களும் பாக்கவேணும் எண்டு அப்பிடி வைச்சிருப்பினம்," என்றார் அக்கா. "விசர்க்கதை கதையாமல் அந்தக் கொலரை முடி."

அண்ணையிடம் சொன்னேன். ரேப் இழுபட்டிருக்கும் என்றான். இழுபட்டால் குரல் இப்படியா குட்டிபோடும்? எனக்கும் விளங்கவில்லை, அவனுக்கும் விளங்கவில்லை. ஒழுங்கையில் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாட்டைப் பாடினார்கள். நான் மட்டும் பாடவில்லை. பாடினால், நல்லாப் படப்பாட்டுப் பாடுகிறாய் என்று சொல்லிவிடுவார்கள்.

தையல் அக்காவின் தங்கைக்குக் கலியாணம் வந்தது. எங்கள் குடும்பத்துக்கும் சொன்னார்கள். அண்ணை சைக்கிள் கடை முதலாளியின் வெள்ளைச் சேட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டான். தாலிகட்டு முடிந்து, மேளம் ஓய்ந்தபின், பந்தலில் அதே கோஷ்டி. மாஸ்ரர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்து நீங்கள் கேட்க இருப்பது, விரைவில் வெளிவர இருக்கும் புத்தம்புதிய திரைப்படத்திலிருந்து..."

மீசைக்காரர் கீச்சுக்குரலில் தொடங்கினார்: 'ஆறுதலாப் போ சைக்கிளே...'

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. பாட்டு முடியும்வரை பொறுத்தேன், அது என் பாட்டு என்பதற்காக. முடிந்ததும் மண்ணெண்ணெயை மிச்சம்பிடிக்க ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். கோஷ்டிக்காரரும் பந்தியில் இருந்தார்கள். நான் நேரே மாஸ்ரரின் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மாஸ்ரர், அது என்ரை பாட்டு. உங்கடை படலையிலை வந்து நிண்டனே, அந்தப் பாட்டு."

மாஸ்ரர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "பிள்ளை, படத்தின்ரை கதைகூடச் சனத்துக்குத் தெரியும்."

"ஓம், நான் சொல்லுறனே!" என்று தையல் அக்கா சாம்பார் வாளியோடு ஓடிவந்தார்.

"சரி, உன்ரை எண்டால் பாடு பாப்பம்," என்றார் மாஸ்ரர். "உன்ரைதான் எண்டு தெரிஞ்சால் உன்னை இண்டைக்கே மேடையிலை ஏத்துறன். இல்லாட்டில் இந்தக் கதையை இதோடை விடவேணும்."

பாடினேன். பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. முடிந்ததும் ஒரு பெரியவர், "நல்லாத்தான் பாடுறாய் மோனை. ஆனால் கசெற்றிலை பாடுறவ வேறை," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் என் அண்ணை வீரனாகிப் பாய்ந்தான். "கசெற்றைப் போடுங்கோ! போட்டுக் கேளுங்கோ, அவளின்ரை குரல்தான்!"

சைக்கிள் வந்தது, ரேப் ரெக்கோடர் வந்தது, தையல் அக்காவின் கசெற்றும் வந்தது. அண்ணை சீற்றில் ஏறினான். தங்கச்சிக்காக அல்லவா, ரேஸ் ஓடுகிறவன்போல உழக்கினான். டைனமோ கத்தியது. பாட்டு வந்தது, முன்னரைவிடக் கீச்சாக, எலிக்குஞ்சு பாடுவதுபோல. பந்தலே சிரித்தது. அண்ணை சிரிப்பைக் கேட்டு இன்னும் வேகமாக உழக்கினான். வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழியை உடைக்க வெளியாள் எதற்கு, கூடப் பிறந்தவன் போதுமே! நான் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போகத் திரும்பினேன்.

இவ்வளவுக்கும் அம்மா வாழையிலைக்கு முன்னால் அமைதியாகப் பாயாசத்தில் இருந்தார். திடீரென்று அவர் கண்ணில் அண்ணையின் முதுகு பட்டது. வெள்ளைச் சேட் வியர்வையில் ஊறி ஒட்டியிருந்தது.

"டேய்! இரவல் சேட்டடா! கிழியப் போகுது! ஆறுதலா உழக்கு!"

அம்மாவின் அந்தச் சத்தத்துக்கு அண்ணையின் கால் எப்போதும் அடங்கும். அடங்கியது. சில்லு மெதுவானது. கசெற்றிலிருந்த எலிக்குஞ்சு கீழே இறங்கியது, இறங்கியது, கரகரத்தது, என் குரலாகி நின்றது.

*ஆறுதலாப் போ சைக்கிளே ஆறுதலாப் போ*
*அம்மா பின்னாலை...*

ஒருவரும் மெல்லவில்லை. பயந்துபோய் அண்ணை வேகம் கூட்டினான், குரல் மேலே ஏறியது. குறைத்தான், மறுபடி நான். அவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "எட, பனங்கிழங்கு!" என்று கத்தினான். எனக்கும் அந்தக் கணமே விளங்கியது. கிழங்கு தின்று தின்று ஆறுதலாக உழக்கிப் பதிந்த பாட்டை ஊர் முழுக்க ஒழுங்கான வேகத்தில் போட்டு, கீச்சுக்குரலாகக் கேட்டிருக்கிறது. அந்த இந்தியப் புதுப்பிள்ளை என் அண்ணையின் வயிற்றில் பிறந்தவள்!

பந்தல் குலுங்கச் சிரித்தது, இப்போது எங்களோடு சேர்ந்து. நானும் கண்ணீர் வழியச் சிரித்தேன். பெரியவர் அம்மாவைக் காட்டி, "பாட்டிலை கத்துறதும் இவதான், இஞ்சை கத்துறதும் இவதான். பிறகென்ன சாட்சி?" என்றார்.

தையல் அக்கா மட்டும் வாளியோடு நின்றார். "அப்ப படம்?"

"படமில்லை அக்கா."

"ஐயோ, நான் கதை முழுக்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே!"

மாஸ்ரர் எழுந்தார். மைக் இல்லை, ஜெனரேற்றர் இல்லை. சோறு ஒட்டிய வலது கையை ஒதுக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கமான குரலில் தொடங்கினார். "அடுத்து நீங்கள் கேட்க இருப்பது..." நின்றுவிட்டார். இத்தனை வருடமும் அந்த இடத்தில் ஒரு படத்தின் பெயர் வந்து விழும். இப்போது வாய் திறந்தபடி இருந்தது. என்னைப் பார்த்தார்.

"படமில்லை," என்றார். "பாட்டு மட்டும். இந்தப் பிள்ளையின்ரை பாட்டு."

வெறும் மேடையில் ஏறி, அம்மா கத்திய வேகத்திலேயே பாடினேன். முடித்ததும் இன்னொன்று கேட்டார்கள். நெத்தலியும் காகமும் பாடினேன். அதை அங்கே ஒருவரும் முன்பின் கேட்டதில்லை. சாப்பிட்டு முடித்த பந்தி இலைக்கு முன்னால் கை காயக் காய அப்படியே இருந்தது. கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்திருந்தார்கள். ஒருவரும் கை கழுவ எழும்பவில்லை.