மாப்பிள்ளைக்கு ஒரு பாடு

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இரண்டு தலைமுறை ஆகியிருந்த காலம். கப்பலுக்குச் சரக்கு ஏற்றப் போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து, கோட்டைக்குப்பத்துப் பச்சையம்மாவின் புருஷன் போய்ச் சேர்ந்தான். கரைக்கு வந்தது துடுப்பு மட்டும்தான். வீட்டில் மிஞ்சியது அவளும் மகள் ருக்குவும்.

அழுது ஓய்ந்தபிறகு அவள் போய் நின்ற இடம் பெருமாள் கோயில் மதிலுக்கு வெளியே. கருவாட்டுக் கூடையோடு உள்ளே விடமாட்டார்கள். கூடை இல்லாமல் போனாலும் விடமாட்டார்கள், அது வேறு கதை. அந்த மதிலோரம் வீரராகவ தாசரி உட்கார்ந்திருப்பார். சேகண்டி தட்டி ஊர் ஊராகப் பாடி அரிசி வாங்கிச் சாப்பிடுகிற மனுஷர். பக்திக்கு ஒன்பது படி உண்டு, பெருமாள் கதையைக் காதால் கேட்பது முதல் படி என்று ஒருநாள் சொன்னார்.

“கேட்டாச்சு சாமி. அடுத்தது இன்னா?” என்றாள் பச்சையம்மா.

“இப்பத்தானே தாயே வந்து நின்னே!”

“நின்ன காலு கடுக்குது. சொல்லு சாமி.”

அடுத்தது பாடுவது என்றார். அவள் குரல் மீன் கூவி விற்ற குரல். பாடினால் மதிலுக்கு அந்தப்பக்கம் பட்டர் காதைப் பொத்திக்கொள்வார். அதற்காக நிறுத்துகிற பெண்ணா அவள்? கழுத்தளவு தண்ணீரில் சேற்றைத் துழாவி இறால் பொறுக்கும்போதும் வாயில் பெருமாள் பேர்தான். பாதத்துக்கு ஊழியம் செய்யவேண்டும் என்றார் தாசரி. பாதத்தைக் கிட்டே போய்ப் பார்க்க விட்டால்தானே? சாமி புறப்பாடு வருகிற தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். மணல்மேட்டில் படர்ந்த அடும்பங்கொடிப் பூவைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்து, புழுதியில் விழுந்து கும்பிட்டாள்.

மழை பொய்த்த வருஷம், ஒருநாள் மதிலைப் பார்த்து இரைந்தாள்: “ஏன்யா, நீ மட்டும் வேளாவேளைக்கு வாங்கித் துன்னுனுகீறே, என் பொண்ணு கஞ்சிக்கு அழுவுது. ஒனக்குக் காது அடைச்சிபோச்சா?”

தாசரி பதறிப்போனார். “பெருமாளை ஏசாதேம்மா!”

“சிநேகம்னா ஏசத்தான் செய்வாங்க. சிநேகம் எட்டாவது படின்னு நீதானே சொன்னே?”

கடைசிப் படி தன்னையே கொடுத்துவிடுவது. அதற்கும் அவள் காத்திருக்கவில்லை. தாசரி கையாலேயே இரண்டு தோளிலும் சங்கும் சக்கரமும் சூடு போட்டுக்கொண்டாள். “இனிமே இந்த உடம்பு உன்னுது இல்லே தாயே” என்றார் அவர்.

பஞ்சம் முற்றியது. ஏரி வற்றி, தண்ணீர் உப்பாய்க் கசந்தது. பசியில் இருப்பவர்களைப் பிடித்து, சோறு போட்டு, கண்காணாத தேசத்துக்குக் கப்பலேற்றக் கோட்டைத் தரகன் குப்பம் குப்பமாய்ச் சுற்றினான். பச்சையம்மா வாசலுக்கும் வந்தான். அவள் தோளைக் காட்டி, “இது ஏற்கெனவே போன சரக்கு, நடையைக் கட்டு” என்றாள்.

ஆனால் வாய்ப்பேச்சு வயிற்றை நிரப்புமா? ஏரியில் வலை கட்டுகிற இடங்களையும் நாள் முறையையும் வருஷாவருஷம் வீடுகளுக்குச் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். இந்த வருஷம் ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்று குப்பத்துத் தலைவர் நாட்டார் சுப்பராயலு சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் திரௌபதியும் புருஷன் இல்லாதவள். “பாடு இல்லேன்னா நான் கப்பலேறப் போறேன்க்கா. அங்க சோறாவது போடுவான்” என்றாள்.

தனக்கும் ஒரு பாடு கேட்கலாமா என்று பச்சையம்மா தாசரியிடம் ஓடினாள். அவர் கூடாதென்று தலையாட்டினார். “எல்லாத்தையும் குடுத்தவ எனக்குப் பங்குன்னு கேட்டா, ஏறின படியெல்லாம் இறங்கினாப்பலதான்.”

அது அவளைச் சுட்டது. ருக்குவின் கன்னம் ஒட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டே சேற்றைத் துழாவினாள். துழாவிக்கொண்டிருந்தவள், ஒருநாள் சட்டென்று நிமிர்ந்து தனக்குத்தானே சிரித்தாள்.

மாசிமகம் வந்தது. அன்றைக்குப் பெருமாள் தீர்த்தமாடக் கரைக்கு வருவார். மணலில் கால் வைத்ததும் பல்லக்கு குப்பத்தார் தோளுக்கு மாறும். பெருமாளின் தேவியான தாயார் இந்தக் குப்பத்துப் பெண் என்று இவர்களுக்கு நம்பிக்கை. அதனால் “மாப்ளே வராரு! மாப்ளே வராரு!” என்று கூவிக்கொண்டு தூக்குவார்கள். நாட்டார் கையால் மாப்பிள்ளை வேட்டி சாத்துவார்கள். தீர்த்தம் முடிந்த கையோடு, சாமி முன்னாலேயே பாடு பிரிக்கிற சீட்டும் நடக்கும். வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல், அதில் அந்த வீட்டு அடையாளம். எல்லாம் ஒரு பானையில்.

பச்சையம்மா தண்ணீரில் இறங்கி வந்தாள். நாமம் போட்ட கிளிஞ்சலைப் பானைக்குள் போட்டாள்.

“இது யாரு வூட்டுது?” என்றார் நாட்டார்.

“எங்க வூட்டுது, மாமா.”

“ஒன் வூட்லதான் ஆம்பளை இல்லியே?”

“கீறாரே. நீங்கதான் தோள்மேல தூக்கி வெச்சினுகீறீங்க.”

கரை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“என்னை அவருக்குக் குடுத்தாச்சு. என் வூடு அவரு வூடு, என் அடுப்பு அவரு அடுப்பு. எனக்குன்னு கேட்டா நாக்கு அழுவிப்பூடும். நான் அவருக்குக் கேக்கறேன். வருசா வருசம் மாப்ளே மாப்ளேன்னு கூவறீங்களே, மாப்ளைக்கு ஏரியில ஒரு பாடு கிடையாதா? கிடையாதுன்னா சொல்லுங்க. இனிமே அந்தப் பேரு வெச்சிக் கூப்புடாதீங்க.”

பட்டர் துள்ளினார். “அபசாரம்! பெருமாளுக்கு மீனா?”

“மீனை நான் துன்னுக்கறேன் சாமி. அவருக்கு வெளக்குக்கு எண்ணெ வாங்கியாறேன்.”

நாட்டார் கடைசியாக ஒன்றைப் பிடித்தார். “பாடு வாங்கறவன் காலு தண்ணியில நனைஞ்சிருக்கணும். அதான் நம்ம ஊர்க் கட்டு.”

“இப்பத்தானே முழுகி எழுந்தாரு! தலையிலேர்ந்து சொட்டுது, பாருங்க மாமா.”

பார்த்தார்கள். பெருமாள் கிரீடத்திலிருந்து சொட்டிய தண்ணீர் பல்லக்குத் தூக்கியவர்களின் தோளில் ஓடிக்கொண்டிருந்தது. நாட்டார் தன் கையால் சாத்திய வேட்டியும் நனைந்து கிடந்தது. இனி மாப்பிள்ளை இல்லையென்று எப்படிச் சொல்வது? பானையைக் குலுக்கக் கை வைத்தார்.

“நில்லுங்க நாட்டாரே!” திரௌபதி ஓடிவந்து தன் கிளிஞ்சலைப் போட்டாள். “எங்க வூடும் அவருதுதான்.” அவளுக்குப் பின்னால் முனியம்மா, அவளுக்குப் பின்னால் புருஷன் இல்லாத அத்தனை பேரும்.

“ஏம்மே, ஒரு பெருமாளுக்கு எத்தினி வூடு?” என்று நாட்டார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அவருக்கு அது புதுசா மாமா?” என்றாள் பச்சையம்மா.

பல்லக்குத் தூக்கியவர்கள் சிரித்த சிரிப்பில் பெருமாளே குலுங்கினார். தாசரி பச்சையம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சேகண்டியை எடுத்துத் தட்டினார், கரையெல்லாம் கேட்க. கிளிஞ்சல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது; அந்தப் பெண்கள் வீடுகளுக்கும் பாடு விழுந்தது. நாமம் போட்டதற்கு நடு ஏரியில் ஓர் இடம் விழுந்தது; முதல்தரமும் இல்லை, கடைசியும் இல்லை.

அவர்கள் முறை வந்த அன்று விடிகாலையில் பச்சையம்மாவும் ருக்குவும் துணைக்கு வந்த திரௌபதியும் வலை கட்டினார்கள். வெயில் ஏறும் நேரம் இழுத்தால், வலை வரமாட்டேன் என்கிறது. இறால் துள்ளித் துள்ளி முகத்தில் அடிக்கிறது. ருக்கு கத்துகிறாள், திரௌபதி அழுகிறாள், பச்சையம்மா மீன் கூவுகிற தன் குரலில் பெருமாளைப் பாடிக்கொண்டே இழுக்கிறாள். “இழுங்கடி! மாப்ளை வூட்டு வலைடி!” பக்கத்துப் பாடுகளில் நின்ற ஆண்கள் தங்கள் வலையை அப்படியே போட்டுவிட்டுக் கைகொடுக்க ஓடிவந்தார்கள்.