சீம்பாலுக்கு ஒரு டெலிபோன்

என் வெள்ளைச் சேலைக்கு ஊரில் மரியாதை இருந்தது. என் பேச்சுக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நர்ஸ் படிப்பு முடித்து, திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வேலையில் இருந்தேன்.

அன்று மத்தியானம் உழுது பிழைக்கும் ஒரு சம்சாரி வீட்டில் மருமகளுக்குத் தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி முழுதாக விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன். அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கர்ப்பப்பை கெட்டிப்படும், உடனே தளரும். பிள்ளை பால் குடித்தால் அது சுருங்கும் என்று சொன்னேன். மாமியார் பிள்ளையைத் தரவில்லை. அந்த வீட்டில் முதல் மூன்று நாள் சீனித்தண்ணீர்தான். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள்.

"அம்புட்டுப் பிள்ளைகளையும் அப்படித்தான் வளத்தோம். நீ எத்தனை பெத்த, எனக்குச் சொல்ல வந்துட்ட?"

திருமங்கலம் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னால் தருகிறாளாம். ஆஸ்பத்திரி ஜீப்புக்கும் சொல்லியாக வேண்டும். மருமகளின் அக்காவை விடாமல் தேய்க்கச் சொல்லிவிட்டு, பெற்றவளின் புருஷனை இழுத்துக்கொண்டு பஞ்சு மில்லுக்கு ஓடினேன். ஊரில் டெலிபோன் அங்கேதான் இருந்தது.

லைன் இரைந்தது. மில் ஆண்களுக்கு நடுவில், வாய்விட்டுச் சொல்லக் கூசுவதையெல்லாம் கத்திச் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரியாத்தானம்மா செஞ்சிருக்க. பிள்ளைய மார்ல போடு, ஜீப்ப அனுப்புறேன். தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்னைக் கேக்குற?"

"இவருக்கும் ஒருதடவ சொல்லிருங்க சார்" என்று ரிசீவரைப் புருஷனிடம் கொடுத்தேன். அவன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மூன்று முறை "சரிங்கய்யா" என்றான். பிறகு எனக்கு முன்னால் ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமியாரே பிள்ளையை மருமகளின் மார்பில் பிடித்திருந்தாள். மறுபடி தேய்க்க உட்கார்ந்தேன். ஜீப் வருவதற்குள் ரத்தம் குறைந்துவிட்டது.

"கம்பி வழியாவே நிறுத்திப்புட்டாரு மகராசன்" என்று வாசலில் கூடியிருந்தவர்களிடம் மாமியார் சொன்னாள். மருமகளோடு ஜீப்பில் ஏறியிருந்த என்னைப் பார்த்து, "இனி டாக்டரு பாத்துக்கிருவாரு. நீ இறங்கும்மா, அவ அக்கா ஏறட்டும்" என்றாள்.

நான் இறங்கவில்லை. குழியும் மேடுமான அந்த ரோட்டில் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே போனேன். திருமங்கலத்தில் டாக்டர் தொட்டுப் பார்த்து, போதும் எடு என்றபோதுதான் விரல்கள் மடங்க மறுப்பது தெரிந்தது.